உப்பு டொபி

ஜப்பான்காரர்கள் கடற்பாசியில்கூட டொபி செய்வார்கள் என்று சொன்னால் மாத்தளைப் பக்கத்து அலுவிகாரையில் எங்கள் தெருவில் யாரும் நம்பமாட்டார்கள். நானும் நம்பாமல்தான் வாயில் போட்டேன். கருவாட்டுக் கடையைச் சீனிப் பாகில் தோய்த்துத் தந்தது போல் இருந்தது. துப்பவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல், ரயில் நிலையத்துக்கு முன்னால் நின்றுகொண்டு நான் பட்ட பாட்டை டொபி விற்ற கடைக்காரக் கிழவி பார்த்துச் சிரித்தாள்.

எண்பதுகளின் கடைசிப் பகுதி அது. கணவருக்கு அங்கே ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் பயிற்சி கிடைத்து, பிறகு அதுவே வேலையானது. கல்யாணம் முடிந்த கையோடு நானும் போய்ச் சேர்ந்தேன். பாய் விரித்த ஒற்றை அறை. அவர் இருட்டோடு போய் இருட்டோடு வருவார். எனக்கு அந்த ஊர்ப் பாஷையில் நன்றி சொல்ல மட்டும் தெரியும். நன்றியை வைத்துக்கொண்டு யாரோடு எவ்வளவு நேரம் பேச முடியும்? டொபிக் கடையில் விரலை நீட்டினால் போதும் என்பதால் அங்கே போகப் பழகினேன்.

வாரத்துக்கு ஒரு பக்கட். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாது. இலைப் படம் போட்டிருந்தால் தேயிலை என்று நினைப்பேன். வாயில் போட்டால் துளசியைக் கசக்கிச் சீனியில் பிசைந்தது போல் ஏதோ ஒன்று கரையும். ஒரு டொபியின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய தாளை அரை மணி நேரமாக நகத்தால் உரித்துக்கொண்டிருந்தேன். வேலையிலிருந்து வந்த கணவர், “அந்தத் தாளையும் திங்கிறதுதான், வாயில கரைஞ்சிரும்” என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். இன்னொன்று மூக்கு வழியாக ஏறி உச்சந்தலையைத் தட்டியது. கறுப்பு நிறத்தில் ஒன்று, அசல் நம்முடைய கருப்பட்டி. அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை. பக்கட் முடியும்வரை அழுதுகொண்டே தின்றேன்.

எல்லாவற்றிலும் மோசமானது தங்கத்தாள் சுற்றியது. மாதுளை முத்துப் போன்ற சிவப்பு, பார்க்க அவ்வளவு அழகு. நாக்கில் பட்டால் முதலில் உப்பு, பிறகு புளிப்பு, அதற்குப் பின்னால் ஒரு மருந்து வாடை. ஏதோ ஒரு காயை உப்பில் ஊறவைத்து அந்தச் சாற்றில் செய்வதாம். உப்பு டொபி என்று நானே அதற்குப் பெயர் வைத்தேன். மிச்சத்தைக் கணவர் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வியர்த்து வேலை செய்கிறவர்களுக்கு நல்லது என்று தொழிற்சாலையில் சொன்னார்களாம்.

அந்த அறையில் இரண்டு முறை வயிற்றில் பிள்ளை தங்கியது. இரண்டு முறையும் கலைந்தது. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. மூன்றாவது முறை தங்கியபோது சந்தோஷப்படப் பயந்தேன். பயப்படவும் நேரமில்லாமல் வாந்தி தொடங்கியது. எல்லாருக்கும் வருகிற மசக்கை இல்லை. தண்ணீரும் நிற்காது. எச்சில் விழுங்கினால் அதுவும் திரும்பி வரும். கணவர் கடையிலிருந்த டொபியெல்லாம் வாங்கி வந்து ஒவ்வொன்றாக என் நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் சரிவரவில்லை. ஒருநாள் அவருடைய சட்டையைத் துவைக்க எடுத்தபோது, பையின் மூலையில் நூலும் தூசியும் ஒட்டியபடி ஓர் உப்பு டொபி கிடந்தது. ஏன் எடுத்து வாயில் போட்டேன் என்று எனக்கே தெரியாது. குமட்டல் அப்படியே அடங்கியது. அந்த உப்பு வாயில் இருக்கும்போதே அவசர அவசரமாகக் கஞ்சி குடித்தேன். தங்கியது.

அதன்பின் அதுதான் முறை. ஓர் உப்பு டொபி. அது கரைகிற நேரத்துக்குள் உள்ளே போவது போனதுதான். டொபி இல்லாவிட்டால் சோறு இல்லை. சோறு இல்லாவிட்டால் பிள்ளை இல்லை.

இந்த நிலையில் ஏன் ஊருக்கு வந்தாய் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே? அதோடு இரண்டை இழந்த அந்த அறையில் மூன்றாவதையும் வைத்துக்கொண்டு தனியே கிடக்க எனக்குத் தைரியமில்லை. ஊர் நிலைமை எங்களுக்குச் சரியாகத் தெரியாது. அம்மா எழுதுவதெல்லாம் ‘யாவரும் நலம்’ மட்டுமே. கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. மசக்கைக் காலம் முடியும்வரை போதும் என்று கணித்து உப்பு டொபியும், சொந்தக்காரருக்கும் அயலுக்கும் கொடுக்கப் பால் டொபியும் சூட்கேசில் அடுக்கி, என்னை விமானத்தில் ஏற்றிவிட்டார்.

மாத்தளைக்குள் நுழையும்போதே வேன்காரர் பேச்சை நிறுத்திவிட்டார். ரோட்டில் டயர் எரிந்த கறுப்பு வட்டங்கள். கடை திறக்காதே, வேலைக்குப் போகாதே என்று அரசை எதிர்த்துக் கிளம்பிய சிங்கள இளைஞர் இயக்கம் இரவோடு இரவாகத் துண்டு ஒட்டும். திறக்கச் சொல்லி ராணுவம் துவக்கோடு வரும். பெடியன்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த நேரம். அதே கடைகள், அதே விகாரைக் குன்று, எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. ஆனால் ரோட்டில் ஆள் இல்லை.

வழியெல்லாம் எடுத்த வாந்தியில் மறுநாள் காலை மயங்கி விழுந்தேன். அம்மா ஆஸ்பத்திரியில் சேர்த்தார், சேலைன் ஏற்றினார்கள். சில நாள் கழித்து, ஊழியர்கள் வரப் பயப்படுகிறார்கள், வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். கைப்பையில் மிச்சமிருந்த உப்பு டொபி ஆஸ்பத்திரியிலேயே முடிந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் சூட்கேசைத் திறந்தேன். பால் டொபி அப்படியே இருந்தது. தங்கத்தாளில் ஒன்றுகூட இல்லை.

“அம்மா, இதுல இருந்த தங்கக் கலர் டொபி எங்க?”

“தெருவுக்குக் குடுத்துட்டேன். ஆளுக்கு ரெண்டு ரெண்டா. மிச்சத்த கோயிலுக்கு வந்தவங்களுக்குக் குடுத்தேன். பால் டொபிய நமக்கு வெச்சிருக்கேன்.”

“எல்லாத்தையுமா?”

“பின்ன? வெளிநாட்டுல இருந்து வந்த புள்ள வெறுங்கையோட வந்துச்சுன்னு பேச்சு வரணுமா? அதுதானே பார்க்க நல்லதா இருந்துச்சு. நல்லத வீட்டுல வெச்சுக்கிட்டு மட்டத்தையா வெளியே குடுக்கிறது?”

எங்கள் வீட்டு வழக்கம் அது. பலாப்பழம் அறுத்தால் நல்ல சுளை அயல் வீட்டுக்கு, சுளையைச் சுற்றிய சடை நமக்கு. வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் முதலில் டொபி தெருவுக்குப் போக வேண்டும். ஒரு வீடு விடுபட்டாலும் குற்றம். அம்மா முறை தவறாமல் செய்திருந்தார். நான் தரையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். அவர் அழுவதைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

அம்மா தன்னால் ஆன எல்லாம் செய்து பார்த்தார். எலுமிச்சை ஊறுகாய், புளிக்கிற காயென்றால் வெரலிக்காய், அம்பரெல்லா, பிலிங்காய், கொறுக்காயைச் சுட்டு உப்பில் தொட்டது. நாக்குக்கு எல்லாம் பிடித்தது. வயிறு ஒன்றையும் ஏற்கவில்லை. கணவருக்குத் தந்தி அடிக்கப் போனால் தபால் கந்தோர் பூட்டு. அது திறந்த அன்று அடித்துவிட்டு வந்தேன். அவர் உடனே அனுப்பினாலும் பார்சல் எப்போது வரும் என்று கவுண்டரில் இருந்தவர் கையை விரித்தார். கண்ணாடியில் பார்த்தால் கன்னம் ஒட்டிக் கண் உள்ளே போயிருந்தது. அடிவயிற்றில் கை வைத்தபடியே கிடப்பேன். இரண்டு முறை நடந்தது எப்படித் தொடங்கும் என்று எனக்குத் தெரியும். அதற்காகவே காத்துக் கிடப்பது போல் இருந்தது.

சாமித் தட்டில் அம்மா படைத்து மறந்திருந்த இரண்டு உப்பு டொபி அப்படியே இருந்தன. பால் டொபியாக இருந்தால் எறும்பு வைத்திருக்காது. உப்பு டொபியை எறும்புகூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பிள்ளையாரிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டேன். அவை முடிந்ததும், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கப் புறப்பட்டேன்.

“கொடுத்தத போய்க் கேப்பாங்களாடி? மானம் போயிரும்” என்றார் அம்மா.

“மானத்த நீங்க வெச்சுக்கங்க. எனக்குப் புள்ள வேணும்” என்றேன்.

முதலில் எதிர்வீட்டு முஸ்லிம் மாமி. எண்பத்து மூன்று இனக் கலவரத்தில் எங்கள் கடையை எரித்த கூட்டம் வீட்டுப் பக்கம் திரும்பியபோது எங்களை உள்ளே இழுத்துக் கதவைப் பூட்டியவர் அவர்தான். அவரிடம் கேட்க வெட்கமில்லை.

“அல்லாஹ்வே, இதுக்கா மகள் இப்படி நடுங்குறீங்க? புள்ளைகள் வாயில போட்டுத் துப்பிட்டாங்க. ஷோகேஸ்ல ரெண்டு ஈக்கி, அழகுக்கு வெச்ச. எடுங்க, எடுங்க.”

பீங்கான் கிளிக்கும் தேநீர்க் கோப்பைக்கும் நடுவில் அவை உட்கார்ந்திருந்தன. அவர் கண் முன்னாலேயே ஒன்றை வாயில் போட்டேன். அவர் ஓடிப்போய் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்தது யாழ்ப்பாணத்து டீச்சர் வீடு. கேட்டதும் அவர் முகம் போன போக்கை மறக்க முடியாது. “அது பழுதாப்போன டொபி எண்டு நினைச்சு எறிஞ்சுபோட்டன் பிள்ளை. உப்பாக் கிடந்துது. ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?” என்றார். எங்கே எறிந்தார் என்று கேட்டேன். வீட்டுக்குப் பின்னால் குப்பைக் கிடங்கைக் காட்டினார். அந்தக் குழிக்குள் இறங்கினேன். தேங்காய் மட்டை, மீன் செதில், மழையில் ஊறிய வாழை இலை. எல்லாவற்றையும் கையால் கிளறினேன். தாள் பிரியாமல் சில கிடைத்தன. டீச்சர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து சுடுதண்ணீரில் கழுவியபோது அம்மா, “குப்பையில கெடந்தத வேணாண்டி” என்று கையைப் பிடித்தார். “குப்பைக்கு அனுப்பினது யாரு?” என்று கேட்டேன். கையை விட்டுவிட்டார்.

அவையும் முடிந்தன. அடுத்தடுத்த வீடுகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. கோயிலில் வாங்கியவர்கள் எந்த ஊரோ, எந்தப் பாதையோ. தெருவில் கேட்காமல் விட்ட வீடு ஒன்றுதான் இருந்தது.

அது சிங்கள வீடு. அந்த அம்மாவைச் சிறுவயதிலிருந்து ‘நெந்தா’ என்றுதான் கூப்பிடுவேன். சிங்களத்தில் அத்தை முறை. எண்பத்து மூன்றில் எதிர்வீட்டுக்கு ஓடுமுன் நாங்கள் தட்டியது அவருடைய கதவைத்தான். உள்ளே றேடியோ பாடிக்கொண்டிருந்தது. கதவு திறக்கவில்லை. மறு வருடம் அப்பா இறந்துபோனார். அதன்பின் அம்மா அந்த வீட்டுப் படி மிதிக்கவேயில்லை. டொபி கொடுக்க மட்டும்தான் போயிருக்கிறார், அதுவும் ஒரு வீட்டை விடக்கூடாது என்பதால்.

இப்போது தெரு முழுவதும் அந்த வீட்டை ஒதுக்கி வைத்திருந்தது. நான் வருவதற்குச் சில வாரம் முன்னர் அவருடைய ஒரே மகனை, கம்பஸ் படிப்புக்குக் காத்திருந்தவனை, சந்தியில் பஸ்சுக்கு நின்ற இடத்தில் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். நெந்தாவும் அவர் கணவரும் ஏறி இறங்காத ராணுவக் காம்ப் இல்லை. அந்த வீட்டுக்குப் போகிறவர்களையும் யாரோ குறித்துக்கொள்கிறார்கள் என்று பேச்சு. போகாதே என்று அம்மா கும்பிட்டார்.

போனேன். நடுப்பகல், வெயிலில் கண் இருட்டியது. வயிற்றுப்பிள்ளைக்காரியின் ஆசையைத் ‘தொலதுக்க’ என்பார்கள் சிங்களத்தில். அதை மறுத்தால் பாவம் என்பது அவர்கள் வீட்டிலும் உண்டு, எங்கள் வீட்டிலும் உண்டு. அந்தச் சொல்லைப் பாவித்தால் நெந்தாவால் மறுக்க முடியாது என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் கேற்றைத் திறந்தேன்.

இந்த முறை கதவு திறந்தேயிருந்தது. “வெளியில நிக்காத துவ, உள்ள வா” என்றார். துவ என்றால் மகள். அவர் பேசியது சிங்களம். நான் தமிழில் எழுதுகிறேன். நெந்தாவின் கூந்தல் வெளுத்திருந்தது. மேசையில் மூன்று தட்டுகள். இரண்டு கழுவிக் கவிழ்த்திருந்தன. ஒன்றில் சோறு போட்டு மூடியிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு சோசர், அதன்மேல் கவிழ்த்த கோப்பை.

நான் சொல்லி முடித்ததும் அவர் கோப்பையைத் தூக்கினார். தங்கத்தாளில் இரண்டு.

“இது மகனோட பங்கு. அம்மா கொண்டுவந்தப்போ, நாங்க இப்ப ரெண்டு பேர்தானேன்னு சொன்னேன். மூணு பேர் வீட்டுக்கு மூணு பங்குன்னு சொல்லி வெச்சிட்டுப் போனாங்க. நாங்க எங்க பங்க தின்னுட்டோம். நல்லாத்தான் இல்ல. அவனுக்குப் புளிப்பு பிடிக்கும்.”

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். மனிதர் யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். எனக்கு அந்த இரண்டு டொபியைத் தவிர வேறெதுவும் கண்ணில் தெரியவில்லை. கை நீட்டினேன். அவரே தாளைப் பிரித்து என் வாயில் வைத்தார்.

“இது கரையிறதுக்குள்ள சாப்பிடணும்னு சொன்னியே” என்று, மூடியிருந்த தட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினார். சோறு, பருப்பு, கொஞ்சம் தேங்காய்ச் சம்பல். பிறகுதான் தெரிந்தது, மகன் போன நாளிலிருந்து மூன்று பேருக்கே உலை வைக்கிறார். மூன்றாவது தட்டை இருட்டும்வரை வைத்திருந்து நாய்க்குக் கொட்டுகிறார். நான் அள்ளி அள்ளித் தின்றேன். தின்று முடியும்வரை அவர் என்னைப் பார்க்கவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சோறு தங்கியது.

இரண்டாவது டொபியைப் பாக்குவெட்டியால் நொறுக்கித் துகள் துகளாக வைத்துக்கொண்டேன். தினமும் நடுப்பகலில் நெந்தா வீட்டுக்குப் போவேன். ஒரு துகள், அந்த மூன்றாவது தட்டு. துகளும் முடிந்த பிறகு, சோறு மட்டுமே போதும் என்று வயிறு ஒப்புக்கொண்டது. மசக்கை தணிகிற மாதம் வந்துவிட்டது, அவ்வளவுதான் என்றார் டாக்டர். அவர் சொல்வது சரியாக இருக்கலாம். எனக்குத் தெரிந்தது என்னவென்றால், அந்த இடைவெளியைத் தாண்டும்வரை நான் இல்லாத ஒருவனுடைய பங்கைத் தின்றேன் என்பதுதான்.

ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன், அந்த வீட்டுக்கு ஏன் மூன்று பங்கு கொடுத்தீர்கள் என்று.

“ரெண்டு பங்கு குடுத்தா, அவன் இல்லைன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடாதா?” என்றார். பிறகு, “அவங்க கதவத் திறக்காதது வேற. இது வேற” என்றார்.

மகள் பிறந்து குப்புற விழத் தொடங்கிய பிறகு கணவரின் பார்சல் வந்தது. யாரோ பிரித்துப் பார்த்துத் திரும்பக் கட்டியிருந்தார்கள். உள்ளே உப்பு டொபி பக்கட் பக்கட்டாக இருந்தது. எனக்கு அந்த வாடையே இப்போது ஆகவில்லை. ஒரு முழுப் பக்கட்டையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு நெந்தா வீட்டுக்குப் போனேன்.

அவர் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பக்கட்டைப் பிரித்து இரண்டே இரண்டை எடுத்தார். மிச்சத்தை என் கையில் திருப்பித் தந்தார்.

“எல்லாம் உங்களுக்குத்தான் நெந்தா.”

“அவன் பங்கு ரெண்டுதானே, துவ.”

சோசரில் வைத்துக் கோப்பையைக் கவிழ்த்தார். அதன் பக்கத்தில் மூன்றாவது தட்டு சோற்றோடு மூடியிருந்தது.